ரிப்போர்ட்டில் ‘மியூட்டேஷன்’ என்று வந்தால்: மரபணு மாற்றங்களைப் படிப்படியாகப் புரிந்துகொள்ள

கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்கள் பெரிய வைத்தியம் என்றால் சுல்தான் பத்தேரிக்கோ கோழிக்கோட்டுக்கோ மலை இறங்குவார்கள். மார்த்தாண்டம், களியக்காவிளைக்காரர்களுக்குத் திருவனந்தபுரம். பாலக்காடு சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்களோ வாளையார் தாண்டிக் கோயம்புத்தூர் வருவார்கள். எந்தப் பக்கம் போனாலும் ஒரே கதைதான்: டாக்டர் அவசரத்தில் அவர் பாஷையில் இரண்டு வாக்கியம் சொல்கிறார், ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கிறது, வீட்டில் பேச்சு தமிழில் நடக்கிறது. நடுவில் ‘மியூட்டேஷன்’ என்ற ஒரு சொல் மட்டும் எல்லோர் மனதிலும் தங்கிவிடுகிறது. அதன்பின் கல்யாணப் பேச்சு நின்றுபோகிறது, மருமகள் மேல் பழி விழுகிறது.

நான் பந்தலூர்ப் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். பிள்ளைகளின் பெற்றோர் இப்படிப்பட்ட காகிதங்களோடு வந்து நிற்கும்போது சொல்வதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் இதற்குச் சடுதிமாற்றம் என்று பெயர். ஒரு சடுதிமாற்றத்தைப் பற்றிக் கேட்க வேண்டியவை இவைதான்: எந்த இடத்தில் நடந்தது, எத்தனை பிரதியில் இருக்கிறது, உடம்பின் எந்த செல்லில் இருக்கிறது. இதற்கெல்லாம் பதில் தெரியாமல் அது நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் படி: மாற்றம் எதில் நடக்கிறது

நம் உடம்பின் அநேகமாக எல்லா செல்லிலும் 46 குரோமோசோம்கள் உள்ளன. அம்மாவிடமிருந்து 23, அப்பாவிடமிருந்து 23. (எண்ணிக்கை 46 என்று உறுதியானதே 1956இல்தான். அதற்கு முன் பல வருஷம் 48 என்றே சொல்லிக்கொடுத்தார்கள்.) ஒவ்வொரு குரோமோசோமும் நீளமான ஒரு டிஎன்ஏ இழை. அதில் ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்துகள் மாறி மாறி வருகின்றன. 23 குரோமோசோம் கொண்ட ஒரு தொகுப்பில் சுமார் 300 கோடி எழுத்துகள் இருக்கும்.

அந்த இழையில் ஒரு குறிப்பிட்ட துண்டுதான் ஜீன், அதாவது மரபணு. புரதம் செய்யச் சொல்லும் ஜீன்கள் ஏறக்குறைய 20,000. நமக்குத் தொகுப்பு இரண்டு என்பதால் அநேகமாக எல்லா ஜீனுக்கும் இரண்டு பிரதி இருக்கிறது. இந்த ‘இரண்டு பிரதி’ என்பதை மறக்காதீர்கள், பின்னால் எல்லாமே அதை வைத்துத்தான்.

செல் இந்த எழுத்துகளை மும்மூன்றாகப் படிக்கிறது. மூன்றெழுத்துக் கூட்டம் ஒன்றுக்குக் கோடான் என்று பெயர். ஒரு கோடானுக்கு ஓர் அமினோ அமிலம். அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்தால் புரதம். மொத்தம் 64 கோடான்கள், அவற்றில் மூன்று ‘இங்கே நிறுத்து’ என்பதற்கானவை. மீதி 61உம் 20 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. ஆக, ஒரே அமினோ அமிலத்துக்குப் பல கோடான்கள் உண்டு.

மாற்றம் இரண்டு அளவில் நடக்கலாம். ஒரு ஜீனுக்குள் சில எழுத்துகள் மாறுவது ஒன்று. குரோமோசோமே கூடுவது, குறைவது, உடைந்து இடம் மாறுவது இன்னொன்று. இரண்டுக்கும் பரிசோதனை வேறு வேறு.

இரண்டாம் படி: ஒரே ஒரு ஜீனைப் பிடித்துக்கொள்ளுங்கள்

சடுதிமாற்ற வகைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதில் பிரயோஜனம் இல்லை. நம் பகுதிக்கு மிக வேண்டப்பட்ட ஒரு ஜீன் இருக்கிறது, பீட்டா குளோபின். அதை வைத்தே ஜீன் அளவில் நடக்கும் பெரும்பாலான வகைகளைப் பார்த்துவிடலாம்.

ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினில் இரண்டு ஆல்ஃபா சங்கிலி, இரண்டு பீட்டா சங்கிலி இருக்கின்றன. பீட்டா சங்கிலிக்கான ஜீன் 11ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில், அதாவது நீளம் குறைந்த பக்கத்தில், இருக்கிறது. நீளம் சுமார் 1,600 எழுத்துகள், அவ்வளவுதான். அதிலிருந்து வரும் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள்.

இனி இந்தத் தமிழ் வாக்கியத்தைப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லும் சரியாக மூன்றெழுத்து:

மகனே பழம் ஒன்று கொண்டா

‘ழ’ மட்டும் ‘ட’ ஆகிவிட்டால் ‘மகனே படம் ஒன்று கொண்டா’. வாக்கியம் சரியாகத்தான் இருக்கிறது, கையில் வருவது வேறு பொருள். முதல் சொல்லில் ‘க’ விழுந்துவிட்டு, மும்மூன்றாகவே தொடர்ந்து படித்தால் ‘மனேப ழம்ஒ ன்றுகொ ண்டா’. விழுந்தது ஒரே எழுத்து, அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் குலைந்துபோகிறது. ‘ஒன்று’ என்ற முழுச் சொல்லும் விழுந்தால் ‘மகனே பழம் கொண்டா’. மூன்றெழுத்து போயும் காரியம் நடக்கிறது. எத்தனை எழுத்து போனது என்பதைவிட எப்படிப் போனது என்பது முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, இப்போது உண்மையான ஜீனுக்கு வருவோம். பீட்டா குளோபினின் ஆறாவது கோடான் ‘ஜிஏஜி’. அது குளுட்டாமிக் அமிலத்தைக் குறிக்கிறது. நடுவில் உள்ள ‘ஏ’ மட்டும் ‘டி’ ஆகி ‘ஜிடிஜி’ என்று ஆனால் அங்கே வாலின் என்ற வேறு அமினோ அமிலம் உட்காருகிறது. குளுட்டாமிக் அமிலம் தண்ணீரோடு ஒட்டும், வாலின் தண்ணீரை ஒதுக்கும். ஆக்சிஜனைக் கொடுத்து முடித்த ஹீமோகுளோபின்கள், இந்த வாலின் இருக்கும் இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி நீளமான கம்பிகளாகிவிடுகின்றன. வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள் மாதிரி வளைகிறது. வளைந்தவை சிறு ரத்தக்குழாய்களில் சிக்கி அடைக்கின்றன, அப்போது எலும்பிலும் மூட்டிலும் தாங்க முடியாத வலி வரும். சாதாரண சிவப்பணு 120 நாள் இருக்கும். இது 10, 20 நாளில் உடைந்துபோகிறது, அதனால் ரத்தசோகை. மண்ணீரல் கெடுவதால் தொற்றும் சுலபமாக வரும்.

இதுதான் சிக்கிள் செல் நோய். வயநாட்டில் அரிவாள் ரோகம் என்பார்கள். ஒரு புரதத்தில் ஏற்பட்ட மாற்றமே ஒரு நோய்க்குக் காரணம் என்று உலகில் முதன்முதலாகக் காட்டப்பட்டது இந்த நோயை வைத்துத்தான். 1949இல் லைனஸ் பாலிங் குழு அதைக் காட்டியது. மாறியது ஒரே ஓர் அமினோ அமிலம் என்று சில வருஷம் கழித்து வெர்னன் இங்கிராம் கண்டுபிடித்தார். 1952இல் லேமனும் கட்புஷும் நம் நீலகிரி மலைப் பழங்குடியினரின் ரத்தத்தில் சிக்கிள் செல்லைக் கண்டார்கள். இந்தியாவில் இந்த நோயைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்கிய இடங்களில் நம் மலையும் ஒன்று. இன்றும் பணியர், குறும்பர், இருளர், வயநாடன் செட்டி சமூகத்தார் எனக் கூடலூர், வயநாடு, அட்டப்பாடி முழுக்க இது இருக்கிறது.

அதே ஆறாவது கோடானில் முதல் எழுத்து ‘ஜி’ மாறி ‘ஏ’ ஆனால், அதாவது ‘ஏஏஜி’ ஆனால், லைசின் வரும். அது ஹீமோகுளோபின் சி, மேற்கு ஆப்பிரிக்காவில் பரவலானது, பொதுவாக மிதமானது. கடைசி எழுத்து மாறி ‘ஜிஏஏ’ ஆனாலோ ஒன்றுமே ஆகாது. அதுவும் குளுட்டாமிக் அமிலத்தையே குறிப்பதால் புரதத்தில் வித்தியாசம் இருக்காது. மூன்று மாற்றங்களும் ஒரே கோடானில், ஒவ்வொன்றிலும் மாறியது ஒரே எழுத்து. ஒன்று கடும் நோய், ஒன்று மிதம், ஒன்றுக்கு விளைவே இல்லை. மியூட்டேஷன் என்ற சொல்லை மட்டும் கேட்டு யாரும் பயப்படக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அடுத்து, நிறுத்தம். 15ஆம் கோடான் ‘டிஜிஜி’. அதில் நடு ‘ஜி’ மாறி ‘ஏ’ ஆனால் ‘டிஏஜி’, அதாவது ‘இங்கே நிறுத்து’. 146 அமினோ அமிலம் கோக்க வேண்டிய சங்கிலி 14லேயே நின்றுவிடும். எட்டாவது, ஒன்பதாவது கோடான்களுக்கு நடுவில் ஒரு ‘ஜி’ கூடுதலாக நுழைந்தால் மும்மூன்று கணக்கு தவறி, 22ஆம் இடத்தில் பொய்யாக ஒரு நிறுத்தக் கோடான் உருவாகிவிடும். 41, 42ஆம் கோடான்களில் நான்கு எழுத்து விழுவதும் இதே போன்ற குலைவுதான். இந்த மூன்றும் இந்தியாவில் நிஜமாகவே காணப்படும் பீட்டா தலசீமியா (பீட்டா சங்கிலி போதிய அளவு உருவாகாததால் வரும் ரத்தசோகை நோய்) சடுதிமாற்றங்கள். இவற்றில் புரதம் வேறாகிவிடவில்லை, புரதமே வருவதில்லை. சிக்கிள் செல்லுக்கும் தலசீமியாவுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான்.

இந்தியாவில் மிக அதிகமாகக் காணப்படும் பீட்டா தலசீமியா மாற்றம் இன்னும் விசித்திரமானது. அது கோடானிலேயே இல்லை. ஜீனுக்குள் புரதத்துக்கு உதவாத இடைத்துண்டுகள் உண்டு. செல் ஜீனை நகலெடுத்தபின் அந்த இடைத்துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு மீதியை ஒட்டும். முதல் இடைத்துண்டின் ஐந்தாவது எழுத்து ‘ஜி’ மாறி ‘சி’ ஆனால், எங்கே வெட்டுவது என்று செல்லுக்குச் சரியாகத் தெரியாமல் போகிறது. பெரும்பாலான நகல்கள் தப்பாக வெட்டப்பட்டு வீணாகின்றன. ரிப்போர்ட்டில் ‘ஐவிஎஸ் 1-5’ என்று இருந்தால் அது இதுதான்.

வடமேற்கு இந்தியாவில், முக்கியமாக சிந்தி வம்சாவளியினரிடம், பீட்டா ஜீனின் கடைசிப் பகுதியில் 619 எழுத்துகள் மொத்தமாக இல்லாமல் போயிருப்பதையும் பார்க்கலாம்.

ஒரு முழு ஜீனே காணாமல் போவதற்கு ஆல்ஃபா குளோபினைப் பார்க்க வேண்டும். 16ஆம் குரோமோசோமில் ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு ஆல்ஃபா ஜீன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் ஒட்டி நின்று துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும். அப்போது ஒன்றின் முதல் ஜீன் மற்றதன் இரண்டாவது ஜீனோடு தவறாக ஜோடி சேர்ந்துவிட்டால், பரிமாற்றத்துக்குப் பின் ஒரு குரோமோசோமில் மூன்று ஆல்ஃபா ஜீன், இன்னொன்றில் ஒன்றே ஒன்று. இந்த ஒற்றை ஜீன் வகை இந்தியப் பழங்குடிகள் பலரிடம் பரவலாக உண்டு. சிக்கிள் செல் நோய் உள்ளவருக்கு இதுவும் சேர்ந்திருந்தால் ரத்தம் உடைவது கொஞ்சம் குறையும். ஒரு சடுதிமாற்றத்தின் கடுமையை இன்னொன்று தணிக்கிறது.

மூன்றாம் படி: ஒரு பிரதியிலா, இரண்டிலுமா

இந்தப் படியைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். நம் ஊர்களில் நடக்கும் அநியாயம் எல்லாம் இது புரியாததால்தான்.

பீட்டா ஜீனின் ஒரு பிரதியில் மட்டும் சிக்கிள் மாற்றம் இருந்தால் ரிப்போர்ட்டில் ‘ஹெட்டிரோசைகஸ்’, ‘டிரெய்ட்’, ‘கேரியர்’ அல்லது ‘ஏஎஸ்’ என்று இருக்கும் (இங்கே ‘ஏ’ சாதாரண ஹீமோகுளோபின், ‘எஸ்’ சிக்கிள் ஹீமோகுளோபின்). தமிழில் கடத்தி என்போம். கடத்தி நோயாளி இல்லை. மற்றப் பிரதி நல்ல ஹீமோகுளோபினைப் போதுமான அளவு செய்கிறது. படிக்கலாம், எஸ்டேட் வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம். கடும் நீரிழப்பு, மிக உயரமான மலைகள் போன்ற தீவிரச் சூழலில் மட்டும் கவனம் தேவை.

இரண்டு பிரதியிலும் இருந்தால் ‘ஹோமோசைகஸ்’ அல்லது ‘எஸ்எஸ்’. இதுதான் நோய்.

கடத்தியாக இருப்பதில் ஒரு நன்மையும் இருந்தது. சிக்கிள் கடத்திகளைக் கடும் மலேரியா அவ்வளவாகத் தாக்குவதில்லை என்று கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்து 1954இல் ஆலிசன் எழுதினார். வயநாடும் கூடலூரும் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போன காடுகள். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களிடம் இந்த மாற்றம் ஏன் தங்கியது என்பதற்குப் பதில் அதில் இருக்கிறது. இது அந்தச் சமூகங்களின் குறையே இல்லை, அந்தக் காட்டில் உயிர் பிழைத்ததன் தடம்.

அப்பாவும் கடத்தி, அம்மாவும் கடத்தி என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று, கடத்தியாகப் பிறக்கும் வாய்ப்பு நான்கில் இரண்டு, இரண்டு பிரதியும் நல்லதாகக் கிடைக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மூத்த பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது, அதனால் அடுத்த மூன்றுக்கும் வராது என்று கணக்குப் போடுகிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது.

எஸ்எஸ் நோயுள்ள குழந்தைக்கு ஒரு பிரதி அப்பாவிடமிருந்தும் ஒரு பிரதி அம்மாவிடமிருந்தும் வந்திருக்கிறது. அதனால் ‘மருமகள் கொண்டுவந்த நோய்’ என்ற பேச்சு உயிரியல் ரீதியாகவே பொய். இதை வீட்டுப் பெரியவர்கள் முன்னால் உரக்கச் சொல்லுங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: ஒருவர் சிக்கிள் கடத்தி, மற்றவர் பீட்டா தலசீமியா கடத்தி என்றாலும் ஆபத்து அதேதான். ஒரே ஜீனின் இரண்டு பிரதியிலும் வேறு வேறு சடுதிமாற்றம் வந்து குழந்தைக்குச் சிக்கிள்-தலசீமியா நோய் வரலாம். ‘என் பக்கம் சிக்கிள் இல்லை, பரவாயில்லை’ என்று தலசீமியா கடத்தி நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

அத்தை மகள், மாமன் மகன், தாய்மாமன் என்று முறைக்குள் கட்டுவது எல்லைக்கு இந்தப் பக்கம் வழக்கம். அத்தை, மாமன் பிள்ளைகளுக்குள் சராசரியாக எட்டில் ஒரு பங்கு ஜீன்கள் பொது. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் நான்கில் ஒரு பங்கு. தாத்தாவிடம் இருந்த ஒரே மாற்றம் இரு வழியாகவும் வந்து ஒரே குழந்தையில் சேர இதனால் வழி திறக்கிறது. எந்தத் தம்பதிக்கும் குழந்தைக்குப் பிறவிக் கோளாறு வரும் வாய்ப்பு 100க்கு 2, 3 உண்டு. அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டினால் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அப்படிக் கட்டியவர்களில் பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைதான் பிறக்கிறது. ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு நோய் இருப்பது தெரிந்தும் பரிசோதிக்காமல் சொந்தத்தில் கட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எல்லா நோயும் இந்த மாதிரி இரண்டு பிரதி கேட்பதில்லை. மூளை செல்கள் மெல்ல மெல்லச் சிதையும் ஹண்டிங்டன் நோயில் ஒரு பிரதி போதும். அதில் ‘சிஏஜி’ என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும், 40 தடவைக்கு மேல் போனால் நோய் நிச்சயம். டூஷென் தசைச்சிதைவு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பையன்களைத் தாக்குகிறது, அவர்களுக்கு எக்ஸ் ஒன்றுதானே. அதிலும் மும்மூன்று கணக்கு தவறும்படி ஜீன் துண்டு போனால் கடுமையான டூஷென், கணக்கு தவறாமல் போனால் பெரும்பாலும் மிதமான பெக்கர் வகை. அம்மாவிடம் இல்லாமல் குழந்தையிடமே புதிதாகத் தோன்றுவதும் இதில் நிறைய உண்டு.

நான்காம் படி: குரோமோசோம் ரிப்போர்ட்டைப் படிப்பது

இந்தப் பரிசோதனைக்குக் கேரியோடைப் என்று பெயர். குரோமோசோம்களைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ணி அடுக்குவார்கள். சாதாரண ரிப்போர்ட்டில் ‘46, எக்ஸ்எக்ஸ்’ (பெண்) அல்லது ‘46, எக்ஸ்ஒய்’ (ஆண்) என்று இருக்கும். இதில் தெரிவது பெரிய மாற்றங்கள் மட்டுமே. 50 லட்சம், 1 கோடி எழுத்துக்குக் குறைந்த மாற்றம் கண்ணில் படாது. கேரியோடைப் நார்மல் என்பதால் சிக்கிளோ தலசீமியாவோ இல்லை என்று அர்த்தமில்லை, அதை இந்தச் சோதனை பார்ப்பதே இல்லை.

‘47, எக்ஸ்ஒய், +21’ என்றால் 21ஆம் குரோமோசோம் மூன்று இருக்கிறது, டவுன் சிண்ட்ரோம். 1959இல் லெழேன் குழு இதை வெளியிட்டது. எந்த ஜீனிலும் எழுத்துப் பிழை கிடையாது. எல்லாமே சரியான ஜீன்கள்தான், அளவுதான் இரண்டுக்குப் பதில் மூன்று. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது ஜோடி பிரியாமல் போவதால் வருகிறது. தாய்க்கு 35 வயதில் ஏறக்குறைய 350இல் ஒன்று, 40இல் 100இல் ஒன்று என்று வாய்ப்பு ஏறும். அம்மா சாப்பிட்டதாலோ வேலை செய்ததாலோ வருவதில்லை.

டவுன் குழந்தைகளில் 100க்கு 3, 4 பேருக்கு விஷயம் வேறு. கூடுதல் 21 தனியாக நிற்காமல், 14 போன்ற இன்னொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இப்படி ஒட்டிய குரோமோசோம் பெற்றோரில் ஒருவரிடமும் இருக்கலாம். அவரிடம் எண்ணிக்கை 45தான், ஆனால் ஜீன்கள் கூடவும் இல்லை குறையவும் இல்லை என்பதால் அவர் ஆரோக்கியமாக இருப்பார். அப்படியானால் அடுத்த குழந்தைக்கும் ஆபத்து கணிசம்: அம்மாவிடம் இருந்தால் 100க்கு 10, 15, அப்பாவிடம் இருந்தால் மிகக் குறைவு. சாதாரண வகை என்றால் 100க்கு 1 அளவில்தான். முகத்தைப் பார்த்தே டவுன் என்று தெரிந்தாலும் குழந்தைக்குக் கேரியோடைப் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். செலவு என்று விட்டுவிடாதீர்கள்.

மற்ற சில வரிகள்: ‘டெல்’ என்றால் துண்டு போயிருக்கிறது, ‘டூப்’ என்றால் இரட்டித்திருக்கிறது, ‘இன்வ்’ என்றால் துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது, அடைப்புக்குறியோடு ‘டி’ என்றால் இரு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டன. ‘பி’ குட்டைக் கை, ‘க்யூ’ நீளக் கை. அடிக்கடி கலைகிறது என்று வரும் தம்பதிகளின் ரிப்போர்ட்டில் ‘இன்வ் 9’ என்று பார்த்துப் பதறுவார்கள். 9ஆம் குரோமோசோமின் அந்தத் திருப்பம் ஆரோக்கியமான பலரிடம் இருக்கும் சாதாரண வேறுபாடு. ஆனால் கணவன் மனைவியில் ஒருவருக்குச் சமநிலையான துண்டு மாற்றம் இருந்தால், திரும்பத் திரும்பக் கலைவதற்கு அது உண்மையான காரணமாகலாம். அதற்கு ஆலோசனை அவசியம்.

ஐந்தாம் படி: எந்த செல்லில்

கருமுட்டை, விந்தணு வழியாக வந்த மாற்றம் உடம்பின் எல்லா செல்லிலும் இருக்கும், பிள்ளைக்கும் போகலாம். பிறந்தபின் தோலிலோ வாயிலோ எலும்பு மஜ்ஜையிலோ நடந்த மாற்றம் அங்கேயே இருக்கும், பிள்ளைக்குப் போகாது.

குமரி மாவட்டத்தில் இருந்து திருவனந்தபுரம் ரீஜனல் கேன்சர் சென்டருக்கு ரத்தப் புற்றுக்காகப் போகிறவர்கள் சிலரின் ரிப்போர்ட்டில் ‘டி 9;22’ அல்லது ‘பிலடெல்ஃபியா பாசிட்டிவ்’ என்று இருக்கும். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டதில் இரண்டு ஜீன்கள் ஒட்டி, செல்லைப் பெருகு பெருகு என்று விரட்டும் புது ஜீன் ஒன்று உருவாகியிருக்கிறது. குட்டையாகிப்போன 22ஐ 1960இல் பிலடெல்ஃபியா நகரில் பார்த்தார்கள். அது துண்டு மாற்றம் என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்தப் புரதத்தை மட்டும் குறிவைக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001இல் வந்தபின், இந்தப் புற்று தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு பல வருஷம் வாழும் நோயாகிவிட்டது. குரோமோசோம் மாற்றம் என்று எழுதியிருந்தாலும் இது பிள்ளைகளுக்குப் போகாது, அவர்களுக்கு டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை.

ஆறாம் படி: எதனால் வந்தது

பெரும்பாலும் யாரும் எதுவும் செய்யாமலே. செல் பிரியும்போது முழு டிஎன்ஏவையும் நகலெடுக்கிறது. பிழை திருத்தும் நொதிகள் இருந்தும் 100 கோடி எழுத்துக்கு ஒன்று என்ற அளவில் பிழை தங்குகிறது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் அப்பா அம்மா இருவரிடமும் இல்லாத புது மாற்றங்கள் சுமார் 60, 70 இருக்கும். அநேகமாக எல்லாம் விளைவில்லாத இடங்களில் விழுகின்றன. அப்பாவின் வயது ஏற ஏற இந்த எண்ணிக்கை ஏறுகிறது, இதுவும் பலரும் அறியாதது.

வெளியிலிருந்து வரும் காரணங்களும் உண்டு. புகையிலையும் பாக்கும் வாய் செல்களின் டிஎன்ஏவைக் கெடுக்கின்றன. வெயிலின் புறஊதாக் கதிர் பக்கத்தில் இருக்கும் இரண்டு ‘டி’ எழுத்துகளை ஒட்டவைத்துவிடுகிறது. எக்ஸ்ரே சடுதிமாற்றத்தை உண்டாக்கும் என்று 1927இல் முல்லர் பழ ஈக்களில் காட்டினார். மணவாளக்குறிச்சியிலும் கொல்லம் கடற்கரையிலும் மோனசைட் மணலில் உள்ள தோரியத்தால் இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். அங்கே பிறக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பலவிதப் பேச்சு உண்டு. கருநாகப்பள்ளியில் பல்லாயிரம் பேரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வில் அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. கேரளக் கரையில் பிறந்த குழந்தைகளின் குரோமோசோம்களைப் பார்த்ததிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. அந்தக் கரையில் இருந்து பெண் எடுக்கத் தயங்குவதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை.

கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ, கர்ப்பத்தில் கத்தி பிடித்ததாலோ எந்த எழுத்தும் மாறாது.

ஏழாம் படி: ஜீன் ரிப்போர்ட்டின் வரிகள்

முதலில் ஜீனின் பெயர், பிறகு ‘சி’ என்று தொடங்கும் எழுத்து எண், அப்புறம் ‘பி’ என்று தொடங்கும் அமினோ அமில எண். சிக்கிளுக்கு ‘சி.20 ஏ > டி’ என்று வரும். இருபதாவது எழுத்து ‘ஏ’ இருந்த இடத்தில் ‘டி’ என்று பொருள். சில ரிப்போர்ட்டில் ஆறாவது அமினோ அமிலம் என்றும் சிலவற்றில் ஏழாவது என்றும் இருக்கும். இரண்டும் ஒன்றுதான். தொடக்கத்தில் வந்து பின்னால் வெட்டப்படும் மெத்தியோனினையும் சேர்த்து எண்ணினால் ஏழு. இரண்டு லேப் இரண்டு விதமாகச் சொல்கிறது என்று மறுபடி டெஸ்ட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

பிறகு தீர்ப்பு. நோய் உண்டாக்குவது, அநேகமாக உண்டாக்குவது, அர்த்தம் உறுதியாகாதது, அநேகமாக ஆபத்தில்லாதது, ஆபத்தில்லாதது என்று ஐந்து வகுப்புகள். நடுவில் உள்ளதை ‘விஒயுஎஸ்’ என்று எழுதுவார்கள். அதை வைத்துக் கல்யாணத்தை நிறுத்துவதோ கர்ப்பத்தைப் பற்றி முடிவெடுப்பதோ கூடாது. உலகத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தாருடையது என்பதால், நம் மக்களிடம் சாதாரணமாக இருக்கும் வேறுபாடுகூட ‘உறுதியாகாதது’ பட்டியலில் விழுகிறது. ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 இந்தியர்களின் டிஎன்ஏவை முழுதாகப் படித்திருக்கிறார்கள், அந்தத் தரவு 2025இல் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறக்கப்பட்டது. அதனால் இந்த வகுப்பு மெல்லக் குறையும். சில வருஷம் கழித்து அதே ரிப்போர்ட்டை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எட்டாம் படி: அடுத்து என்ன செய்வது

சிக்கிளுக்கு முகாமில் எடுக்கும் கரைதிறன் சோதனை முதல் சல்லடை மட்டுமே. பாசிட்டிவ் என்றால் கடத்தியா நோயாளியா என்று அது சொல்லாது. பிறந்த குழந்தைக்கு அது தவறாக நெகட்டிவ் காட்டவும் செய்யும், அந்த வயதில் கருக்கால ஹீமோகுளோபின் அதிகம் என்பதால். உறுதிப்படுத்த, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி சோதனை எடுக்க வேண்டும். அதில் ஹீமோகுளோபின் எஸ் 30, 40 சதவீத அளவில் இருந்து ‘ஏ’ அதைவிடக் கூடுதலாக இருந்தால் கடத்தி. ‘ஏ’ அறவே இல்லாமல் ‘எஸ்’ மிகுந்திருந்தால் நோய். எல்லோரிடமும் சிறிதளவு இருக்கும் ‘ஏ2’ என்ற ஹீமோகுளோபின் வகை சுமார் 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா தலசீமியா கடத்தியா என்று பார்க்க வேண்டும். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் இந்த எண்களை நம்ப முடியாது, சோதனைக்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தில் 40 வயது வரையுள்ள 7 கோடி பேரைப் பரிசோதிப்பது குறிக்கோள். அதில் சோதனை இலவசம், அட்டையும் தருகிறார்கள். அட்டையைக் கல்யாணத்துக்கு முன் ஒப்பிட்டுப் பாருங்கள். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் சிக்கிள் செல்லுக்கென்றே பல வருஷமாகத் தனிப் பராமரிப்பு நடக்கிறது.

கணவன் மனைவி இருவரும் கடத்தி என்று கர்ப்பத்தில்தான் தெரிந்தால், 11ஆம் வாரத்தை ஒட்டி நஞ்சுக்கொடித் திசுவிலும் 15ஆம் வாரத்துக்குப் பின் பனிக்குட நீரிலும் சிசுவின் ஜீனைப் பார்க்க முடியும். அதற்கு இருவரின் சடுதிமாற்றமும் எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். எனவே கர்ப்பம் உறுதியானதுமே கிளம்புங்கள், ஐந்தாம் மாதம் வரை காத்திருக்காதீர்கள்.

நோய் உறுதியான குழந்தைக்கு வழி இருக்கிறது. ஐந்து வயது வரை பென்சிலின், தடுப்பூசிகள், ஃபோலிக் அமிலம், அப்புறம் ஹைட்ராக்சியூரியா. கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டிச் சிவப்பணு வளைவதை ஹைட்ராக்சியூரியா குறைக்கிறது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், மலைக்குளிரில் உடம்பை மூடிக்கொள்ள வேண்டும். காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. அதே கருக்கால ஹீமோகுளோபினை நிரந்தரமாகத் திறந்துவிடும் ஜீன் திருத்த சிகிச்சைக்கு 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி தந்தன. செலவு இப்போது நம் கைக்கு எட்டாதது.

வீட்டில் ஒருவர் கடத்தி என்று தெரிந்தால் அவரது அண்ணன், அக்கா, தம்பி, தங்கை ஒவ்வொருவரும் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு குறைந்தது இரண்டில் ஒன்று. கல்யாண வயதில் இருப்பவரை முதலில் கூட்டிப்போங்கள். சித்தப்பா, பெரியம்மா வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி அனுப்புங்கள். போகும்போது ஒரிஜினல் ரிப்போர்ட்டின் நகல் ஒன்றைக் கையோடு கொடுங்கள். எந்தச் சடுதிமாற்றத்தைத் தேட வேண்டும் என்று லேப்புக்கு முன்பே தெரிந்தால் அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும், செலவும் நாளும் குறையும்.